முருங்கைக்காயைத் துரத்திய வெள்ளை வான்

வான் ஓட்டப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஏழு பேரோடும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி முதலாளி கேட்டார். சரி என்றேன். ஆனால் பாதை சொல்லித் தரமாட்டேன் என்றும் அப்போதே சொல்லிவிட்டேன். பாரிஸின் பாதைகளை உங்கள் கைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லும்; பசிக்கிறதென்று அது இடையில் நிறுத்தவும் செய்யாது. வானுக்குள் தண்ணீர்ப் போத்தலை எங்கே வைப்பது, விமான நிலையத்தில் பெயர்ப் பலகையை எந்த உயரத்தில் பிடிப்பது என்பதெல்லாம் இரண்டு நாளில் தானாக வந்துவிடும். தானாக வராத ஒன்று இருக்கிறது. எப்போது வாயைத் திறப்பது, எப்போது மூடுவது என்பது. பத்தொன்பது வருடம் ஓட்டிய பிறகும் நான் அதில் பிழை விட்டேன். அந்தப் பிழையையும், அதற்கு இரண்டு நாள் கழித்து நான் செய்த பெரிய கெட்டித்தனத்தையும் சொல்கிறேன். கெட்டித்தனம்தான் பிழையைவிட மோசமாகப் போனது.

அப்போதும் நம்முடைய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், இதே கூசேன்வில்லில்தான், டயர்க் கடைக்குப் பின்னால், இரண்டே அறைகளில் இருந்தது. ஒரு கொரியாப் பாடகனை நான்கு நாட்கள் ஏற்றி இறக்கும் வேலை வந்தது. பெயர் சொல்லமாட்டேன். ஏற்றியவர்களின் பெயரை இறக்கிய பிறகும் சொல்லாமல் இருப்பது நம் வேலையில் பாதி. அவனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். மனதுக்குள் அவனைச் ‘சின்னவர்’ என்று கூப்பிட்டுக்கொண்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். கூடவே அவனுடைய வேலைகளைக் கவனிக்கும் ஒரு பெண் முகாமையாளர் வந்திருந்தார். நாற்பது தாண்டியவர், கட்டையாக வெட்டிய முடி, கையில் மூன்று கைபேசிகள். இளவயதில் லியோனில் படித்தவராம். பிரெஞ்சு என்னைவிட நன்றாகப் பேசினார்.

பிற்பகல் விமானம். ரொய்சி விமான நிலையத்தில் நான் பலகையோடு போய் நின்றபோது வெளிவரும் கதவருகே பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். கையில் பூ, பொம்மை, அவன் முகம் அச்சடித்த விசிறி. கதவு திறந்து சின்னவர் தலை தெரிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். என் காதில் அது ‘அப்பா, அப்பா’ என்று விழுந்தது. இந்த வயதில் இவனுக்கு இத்தனை பிள்ளைகளா என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். ‘ஒப்பா’ என்பதுதான் சொல் என்றும், கொரியாவில் பெண்பிள்ளைகள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றும் முகாமையாளர் பிறகு விளக்கினார்.

அந்தப் பிள்ளைகளால் ஒரு தொந்தரவும் இல்லை. கத்தினார்கள், அழுதார்கள், பூவைக் கொடுத்துவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் ரசிகர்கள். நான் சொல்லப்போவது வேறு ஆட்களைப் பற்றி. ரசிகர் மேடைக்கு முன்னால் நிற்பார். இவர்கள் பாடகனின் குளியலறைக் கதவுக்கு முன்னால் நிற்பார்கள். அவன் ஏறும் விமானத்தில் ஏறுவார்கள், அவன் தங்கும் மாடியில் அறை எடுப்பார்கள், அவன் தாயின் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடுவார்கள். கொரியாவில் இவர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது, ‘சாசெங்’. தனிப்பட்ட வாழ்க்கை என்று பொருளாம். அதற்குள் புகுந்துவிட்டவர்களுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. பெட்டிகளை வானில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். கறுப்பு ஜாக்கெட், ஹோட்டல் ஆள் மாதிரிக் கழுத்தில் அட்டை, கையில் ஒரு கோப்பு. முகத்தில் சிரிப்பில்லை. அதுதான் என்னை நம்ப வைத்தது. வேலையில் இருப்பவர்கள் யார் சிரிக்கிறார்கள்? ஹோட்டலின் முன்வாசலில் பத்திரிகைக்காரர்கள் நிற்பதாகத் திருத்தமான பிரெஞ்சில் சொன்னாள். எந்த வாசலால் கொண்டுவரப் போகிறீர்கள், ஆட்களை நிறுத்தவேண்டும் என்று கேட்டாள். பின்தெருவில் சலவைத் துணி ஏற்றும் கதவு என்று நான் சொன்னேன். நன்றி சொல்லி, கோப்பில் குறித்துக்கொண்டாள். அந்தக் கோப்புக்குள் வெறும் தாள்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

சலவைக் கதவடியில் உண்மையாகவே ஆட்களை நிறுத்தியிருந்தாள். பன்னிரண்டு பேர். வான் கதவைத் திறந்ததும் கைகள் உள்ளே வந்தன. ஒரு கை தொப்பியைப் பறித்தது. இன்னொரு கை தோள்பையின் வாரைப் பிடித்து இழுக்க, சின்னவர் படியில் தடுக்கி முழங்காலில் விழுந்தான். கத்தவில்லை. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, யாராவது தூக்கும்வரை அப்படியே இருந்தான். விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று பழகியவன் மாதிரி இருந்தது. மறுநாள் மாலை அவன் மேடையில் ஆடவேண்டும்.

உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு முகாமையாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சலவைக் கதவு இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? எனக்குத் தெரியவில்லை என்றேன். அவ்வளவு சுலபமாக அந்தப் பொய் வந்தது.

மறுநாள் காலை ஹோட்டலுக்குப் போனபோது வாசலில் பெட்டி தூக்கும் பெரியவர் என்னைத் தேடி வந்தார். புதுச்சேரிக்காரர், பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தது. அவர்தான் அந்தக் கதவின் சாவியை வைத்திருப்பவர். தகவலை வெளியே விட்டவர் அவர்தான் என்று முடிவாகி, விசாரிக்கப் பத்து மணிக்கு மேல்மாடிக்கு வரச் சொல்லியிருந்தார்களாம்.

“அந்தப் பொண்ணை நான் பார்த்ததே இல்லீங்க, மிசியே,” என்றார். “எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலை. நான் யார்கிட்டப் போய் என்னாத்தைச் சொல்லட்டும்?”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தமிழ் ஆள் என்பதால் மனம் ஆறச் சொன்னார். நான் நேரே படியேறி முகாமையாளரிடம் போய், அட்டை போட்ட பெண், கோப்பு, சலவைக் கதவு எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றுப் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன்; வேறு எதையும் எதிர்பார்த்து அல்ல.

அவர் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மறுபடி கண்டால் அடையாளம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். “அப்படியென்றால் நீங்கள் இருக்கவேண்டும். அவள் முகத்தைக் கிட்ட நின்று பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்,” என்றார். பிறகு கீழே தொலைபேசி எடுத்து, பெரியவரை விட்டுவிடச் சொன்னார். பிழையை ஒத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். சின்னவருடைய முழங்கால் சரியாகவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டுதான் ஆடினான். ஆனால் ஒரு மனிதனின் கடைசி இரண்டு வருடம் தப்பியது.

அன்று முழுக்க ஒரு வெள்ளை வான் எங்கள் பின்னால் வந்தது. வாடகைக்கு எடுத்தது, கறுப்புக் கண்ணாடி. நான் என் திறமையெல்லாம் காட்டினேன். ஒரு சுற்றுவட்டத்தை மூன்று தடவை சுற்றினேன். சின்னவருக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். ஒருவழித் தெருக்களில் புகுந்து, ஆற்றைக் கடந்து, திரும்பக் கடந்து, அவர்களைத் தொலைத்துவிட்டேன் என்று பெருமையோடு ஒத்திகை மண்டபத்துக்குப் போனால், வெள்ளை வான் எங்களுக்கு முன்பே அங்கே நின்றது. அதன் ஓட்டுநர் எனக்கு மரியாதையாகத் தலையசைத்தான். அவனும் நம்மைப்போல் வாடகைக்கு ஓட்டுகிறவன்தான், பாவம்.

மூன்றாம் நாள் காலை, மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்த வானுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தது. வான் எங்கே நிற்கிறது என்பதை அது அவர்களுடைய கைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். என் வீட்டு வாசலைக்கூடச் சொல்லியிருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்யவேண்டும்? முகாமையாளருக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும், பெட்டியைப் பொலிசில் கொடுக்கவேண்டும். நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில், செல்வண்ணையின் மரக்கறிக் கடை இருந்தது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர். இங்கே வந்த புதிதில் எனக்குப் பாப்பியே என்கிற அரசாங்கப் பத்திரங்களை எழுதித் தந்து, நிரப்பித் தந்து, வரிசையில் கூடவே நின்றவர். தினமும் காலை எட்டு மணிக்குத் தன் சிறிய வானில் மரக்கறி ஏற்றிக்கொண்டு புறநகரில் உள்ள தமிழ்க் கடைகளுக்குக் கொடுக்கப் புறப்படுவார். லா கூர்நெவ், சார்செல், கூசேன்வில் என்று சுற்றிவிட்டு மத்தியானம் தாண்டித் திரும்புவார். அன்றைக்கு நான் போனபோது அவர் முருங்கைக்காய்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு கை கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர் உள்ளே போன நேரம் பார்த்து, கறுப்புப் பெட்டியை அவருடைய வானின் பின்பக்கத்தில் ஒட்டினேன். எனக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது. பிறகு குடித்த தேநீர் மூக்கில் ஏறியது.

அந்த நாள் எங்களுக்குக் கிடைத்த மாதிரி ஒரு நாள் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும். பின்னால் ஒரு வானும் இல்லை. ஒரு பூங்காவில் படம் எடுத்தார்கள். வேலை முடிந்ததும் சின்னவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தான். அரை மணி நேரம் அவன் எழும்பவில்லை, முகாமையாளரும் எழுப்பவில்லை. இரண்டு வருடத்தில் இவன் வெளியில் இப்படிப் படுத்து நான் பார்க்கவில்லை என்று சொன்னார். லா சப்பலில் வாங்கிக்கொண்டு போன மட்டன் ரோல்ஸை அவன் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சாப்பிட்டான்.

நான் என் கெட்டித்தனத்தை எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் இப்போது ஒரு மரக்கறி வானுக்குப் பின்னால் சார்செல்லில் நிற்பார்கள் என்றேன். முகாமையாளர் சிரித்துச் சிரித்து மூன்று கைபேசிகளையும் புல்லில் வைத்துவிட்டார். அவர் மொழிபெயர்த்ததும் சின்னவர் எழுந்து உட்கார்ந்தான். அவர்கள் எதைத் துரத்துகிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். முருங்கைக்காய்க்கு எனக்குப் பிரெஞ்சில் சொல் தெரியாது. நீளமான பச்சைத் தடி, சமைத்து, கடித்து, சப்பி, சக்கையைத் துப்பவேண்டும் என்று விளக்கினேன். தன்னைவிட அதுதான் நல்ல பாடகன் என்று அவன் சொன்னதாக முகாமையாளர் சொன்னார்.

பிற்பகல் மூன்று மணிக்கு, பூங்காவிலிருந்து வானில் புறப்பட்டபோது, என் தொலைபேசி அடித்தது. செல்வண்ணையின் மனைவி ராணியக்கா.

“தம்பி, இவர் கீழ காவுக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டாலும் பேச்சில்லை. நெஞ்சுக் குளிசையும் மேல கிடக்குது. ஒரு வெள்ளை வான் காலமை துடக்கம் தனக்குப் பின்னால வருகுதாம்.”

காவ் என்பது பாரிஸ் கடைகளுக்குக் கீழே இருக்கும் நிலவறை. அரிசி மூட்டை அடுக்கி வைப்பார்கள்.

உங்களில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கும் இங்கேயே பிறந்தவர்களுக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் ஒரு காலம் இருந்தது. இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான்கள் வரும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஏற்றப்பட்டவர்களைப் பிறகு யாரும் காணமாட்டார்கள். செல்வண்ணையின் தம்பியை அப்படித்தான் ஏற்றினார்கள். செல்வண்ணை அப்போது வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிப் பற்றைக்குள் ஒளித்திருந்தார். இது எனக்குத் தெரியாத கதையில்லை. அவர் ஒரே ஒரு தடவை, என்னிடம் மட்டும் சொன்ன கதை. அந்தக் காலையில் எனக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. வெள்ளை வானை நான் ஒரு முழுநாளும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன், அப்போதும் வரவில்லை.

அந்த நிமிடம் அப்படியே லா சப்பலுக்குத் திருப்பியிருப்பேன். ஆனால் பின்னால் சின்னவர் இருந்தான். அங்கே போனால் அவர்கள் தேடுவதை நானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும். முகாமையாளரிடம் முழுவதையும் சொன்னேன். பூங்காவில் சிரித்த முகம் மாறிவிட்டது. முதலில் எங்களை இறக்குங்கள், பிறகு போங்கள் என்றார். ஹோட்டலுக்குள் அவர்கள் நுழைந்து கதவு சாத்தும்வரை நின்றேன். அந்தப் பத்து நிமிடம் பத்து மணி நேரமாக இருந்தது. வானை அங்கேயே விட்டுவிட்டு மெத்ரோவில் போனேன். வானை எடுத்துப் போனால் அதில் இன்னொரு பெட்டி ஏறும்.

ரூ பெர்தொனேயில் சனம் கூடிவிட்டது. செல்வண்ணையின் வான் நடுத்தெருவில், கதவு திறந்தபடி, அவர் எப்படி விட்டுவிட்டு ஓடினாரோ அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் வெள்ளை வான். மூன்று பெண்பிள்ளைகள் மரக்கறிப் பெட்டிகளை இறக்கி இறக்கிப் பார்த்திருக்கிறார்கள்; தெருவெல்லாம் முருங்கைக்காய். சின்னவர் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். பக்கத்து நகைக்கடைக்காரர் வெள்ளை வானின் ஓட்டுநரிடமிருந்து சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கைபேசிகளைப் பறித்து உடைக்கவேண்டும் என்றார். மூன்று பேரில் ஒருத்தி, கழுத்தில் அட்டை இல்லாமல், என்னைப் பார்த்தாள். உடனே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

ஒருவரும் கை வைக்கவேண்டாம், பொலிசைக் கூப்பிடுங்கள் என்று நகைக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ராணியக்காவிடம் அந்த நெஞ்சு மாத்திரையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கதவுக்குப் பின்னால் மூட்டைகளை அண்டக் கொடுத்திருந்தார். தட்டினேன்.

“செல்வண்ணை, நான்தான். அது பொடிச்சியள், அண்ணை. கொரியாப் பொடிச்சியள். ஒரு பாட்டுக்காரனைத் தேடித் திரியுதுகள்.”

பிறகு உள்ளேயிருந்து மெதுவாகக் கேட்டார்.

“என்ர வானுக்குப் பின்னால ஏன் வாறாளவை?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் அந்தச் சொல் இருந்தது.

“நான்தான், அண்ணை. அவளவை என்ர வானில ஒட்டின பெட்டியைக் கழட்டி உங்கட வானில ஒட்டினனான். பகிடிக்கு.”

மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சட்டை முழுக்க அரிசித் தூசு. வியர்வையில் அது பசையாகி ஒட்டியிருந்தது. குளிசையை வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு மூட்டையில் உட்கார்ந்தார்.

“என்ர தம்பிக்கு நடந்தது உனக்குத் தெரியும்.”

“ஓம், அண்ணை.”

“தெரிஞ்சுகொண்டோ செய்தனி?”

“அந்த நேரம் நினைவு வரேல்லை.”

“ஓம்,” என்றார். “உனக்கு வரேல்லை.”

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மேலே வந்து முகம் கழுவினார். வெளியே போய் அந்த மூன்று பேரையும் பார்த்தார். ஒருத்தியின் தலையில் முயல் வடிவத்தில் ஒரு கிளிப். இன்னொருத்தி அழுது மூக்குச் சிவந்திருந்தது. செல்வண்ணை நீண்ட நேரம் பார்த்தார். “இதுகளுக்கோ நான் அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சனான்,” என்று ராணியக்காவிடம் சொன்னார். சனத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து முருங்கைக்காய்களைப் பொறுக்கத் தொடங்கினார். முயல் கிளிப் போட்டவளும் குனிந்து பொறுக்கினாள்.

பொலிஸ் வரும்வரை நான் அட்டைக்காரியோடு கடைக்குள் வெங்காய மூட்டைகளில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு பெரிய பிரசங்கம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். செய்ததையெல்லாம் செய்துவிட்டு நான் யாருக்குப் பிரசங்கம் பண்ணுவது? ராணியக்கா தேநீர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, நான் கேட்காமலே பேசத் தொடங்கினாள்.

நான்கு வருடமாகப் பின்னால் போகிறாளாம். அவனுடைய இரத்த வகை தெரியும், பல் எத்தனை அடைத்தது என்று தெரியும், அவன் தாய் எந்தக் கடையில் மீன் வாங்குவார் என்று தெரியும். நாங்கள் அவனுக்குக் கெடுதல் செய்வதில்லை, காவல் இருக்கிறோம் என்றாள். அவன் உன்னை எப்போதாவது பார்த்திருக்கிறானா என்று மட்டும் கேட்டேன். அவள் முகம் வெளிச்சமானது. ஒருமுறை பார்த்தானாம். லிப்டில். வெறுப்போடு பார்த்தானாம். “பரவாயில்லை. மற்றப் பிள்ளைகள் ஆயிரம் பேர். அவர்களின் முகம் ஒன்றும் அவனுக்கு நினைவிருக்காது. என் முகம் இருக்கும்,” என்றாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறேன். அவ்வளவு தனிமையான ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

பிறகு, நாங்கள் இங்கே பிடிபட்டாலும் பரவாயில்லை என்றாள். நாளைக்கு விமானத்தில் தன் இருக்கை அவனுடைய இருக்கைக்குப் பக்கத்தில். பன்னிரண்டு மணி நேரம் கதவும் இல்லை, சுவரும் இல்லை. அதைச் சொன்னபோது குழந்தை மாதிரி சிரித்தாள். நான் வெங்காயத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள். நமக்கு அது தெரிய வந்திராது.

பொலிஸ் வந்தது. பாப்பியேக்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். பெட்டியைச் செல்வண்ணையின் வானிலிருந்து நானே கழற்றிக் கொடுத்தேன். அதை யார் அங்கே ஒட்டியது என்பதையும் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். மூன்று பேரையும் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் தெருவின் ஓரத்துக்குப் போய் முகாமையாளருக்கு விமான இருக்கையைப் பற்றிச் சொன்னேன். அன்று மாலைக்குள் அவர்களுடைய விமானம் மாறிவிட்டது.

நான்காம் நாள் காலை அவர்களை ரொய்சிக்குக் கொண்டுபோனேன். பின்னால் ஒருவரும் இல்லை. அந்தப் பெண்ணை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். இங்கே முறைப்பாடு இருக்கும், ஆனால் அங்கே விமான நிலையத்தில் அவள் மறுபடி நிற்பாள், அவள் இல்லாவிட்டால் வேறொருத்தி நிற்பாள் என்றார் முகாமையாளர். பிறகு சின்னவர் ஏதோ கேட்டான். மரக்கறி வான் ஓட்டும் ஐயா வெளியே வந்துவிட்டாரா என்று கேட்கிறான் என்றார். வந்துவிட்டார் என்றேன். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்? ஒன்றரை மணி நேரம். சின்னவர் அதைக் கேட்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான். ஒருமுறை தன் வீட்டுக் குளியலறைக்குள் நான்கு மணி நேரம் இருந்தானாம். வெளியே படுக்கையில் யாரோ உட்கார்ந்திருந்தார்களாம். முகாமையாளருக்கே அது தெரியாது. மொழிபெயர்க்கும்போது இடையில் நிறுத்திவிட்டார்.

அவர்களை இறக்கிவிட்டு நேரே ரூ பெர்தொனேக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். செல்வண்ணை வானில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். எப்போதும் எட்டு மணிக்குப் புறப்படுகிறவர். பதினொரு மணியாகியும் புறப்படவில்லை. என்னைக் கண்டதும், நான் வாயைத் திறக்க முதல், பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

“ஏறு. பின்னால பார்த்துக்கொண்டு வா.”

ஏறினேன். லா கூர்நெவ், சார்செல், கூசேன்வில். ஒவ்வொரு சந்தியிலும் கேட்டார், பின்னால ஆரும் வருகினமோ என்று. நான் திரும்பிப் பார்த்து, இல்லை அண்ணை என்றேன். மறுநாள் முதலாளியிடம் காலை வேலைகளை வேறு ஆட்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மறுபடி போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், அப்படிப் போனேன். முதல் கிழமை ஒவ்வொரு சந்தியிலும் கேட்டார். இரண்டாவது கிழமை நெடுஞ்சாலையில் மட்டும் கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். பாராமல் ஒருநாளும் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, சார்செல் தாண்டி ஒரு வெள்ளை வான் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. குழாய் வேலைக்காரனுடையது, கூரையில் ஏணி கட்டியிருந்தது. நான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கேட்பார் என்று பதிலோடு காத்திருந்தேன். செல்வண்ணை ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தார். கையால் சைகை காட்டி அதை முந்தவிட்டார். பிறகு, இந்தமுறை பயத்தங்காய் நல்ல பிஞ்சாக வந்திருக்கிறது, போகும்போது வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.